தூணின் இடது பாதி

பதினொரு பெண்கள் ஒரே நேரத்தில் உப்புத்தாளில் பென்சில் முனையைத் தேய்க்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. காய்ந்த தென்னோலை மேல் நண்டுக் கூட்டம் ஓடினால் அப்படிக் கேட்கும். பரங்கித்துறையில் பெரிய புயல் அடித்து ஓய்ந்த மறு வருடம், கடற்கரையில் பூட்டிக் கிடந்த பழைய சுங்கக் கட்டடத்தில் பெண்களுக்கான கட்டட வரைபடப் பயிற்சி வகுப்பு என்று பலகை மாட்டினார்கள். நான் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பலகையைப் பார்த்ததும் போய்ச் சேர்ந்தேன். நாற்காலி வந்தது, டிராயிங் போர்டு வந்தது, பென்சில் கட்டு வந்தது, வருகைப் பதிவேடு வந்தது. வாத்தியார் மட்டும் வரவில்லை. முதல் மாதம் அவர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள், இரண்டாம் மாதம் அவருக்கு வேறு ஊர் போட்டுவிட்டார்கள் என்றார்கள், மூன்றாம் மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் தினமும் காலை பத்து மணிக்கு வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பென்சிலைக் கூராக்கி, கூராக்கிய பென்சிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் கூராக்கினோம்.

போர்டுகள் வந்த பெட்டியின் அடியில் ஒரு புத்தகம் கிடந்தது. எழுத்து கொஞ்சம், படம் அதிகம். எழுத்து எந்த மொழி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. படம் எல்லாம் பழைய கிரேக்க, ரோமானியத் தூண்கள். சுங்கக் கட்டடத்தின் முகப்பிலும் அதே மாதிரி எட்டுத் தூண்கள் நின்றதால், புத்தகத்தில் புரியாததை வெளியே போய்த் தொட்டுப் பார்த்தோம், ஏணி போட்டு ஏறி நூல் பிடித்து அளந்தோம். அப்படி நாங்களாகத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம்: தூணுக்கு அடிபீடம் உண்டு, தண்டு உண்டு, தலை உண்டு, தலைக்கு மேல் உத்தரம் உண்டு, தண்டின் அடிவிட்டம்தான் அளவு, மற்றவை எல்லாம் அதன் மடங்கு அல்லது அதன் பங்கு, தண்டு ஒரே கனமாகப் போகக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு உயரம் வரை நிமிர்ந்து போய், அதற்கு மேல் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் மெலிய வேண்டும், இல்லாவிட்டால் பாரம் தாங்குகிற களை வராது. தலையில் மூன்று வகை. ஒன்று வெறும் தட்டு, ஒன்று சுருள், ஒன்று இலைக்கொத்து.

ஒன்றை மட்டும் தப்பாகக் கற்றுக்கொண்டோம். அந்தப் புத்தகத்தில் எந்தத் தூணும் முழுசாக இல்லை. மேலிருந்து கீழாக நடுவில் ஒரு கோடு, கோட்டுக்கு இடப்பக்கம் பாதித் தூண், வலப்பக்கம் வெறும் தாள். மறு பாதியும் இதேதான், அதை எதற்கு இன்னொரு தடவை வரைவது என்று விட்டிருக்கிறார்கள். ஒரு வாத்தியார் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். நாங்கள் புரிந்துகொண்டது வேறு: ஒரு தூணை ஒரே ஆள் வரையக் கூடாது, ஒரு பாதியை ஒருத்தியும் மறு பாதியை இன்னொருத்தியும் வரைய வேண்டும், உலகம் பூராவும் அதுதான் முறை.

கல்யாணம், பிள்ளைப்பேறு, அலுப்பு என்று ஒவ்வொருத்தியாக நின்றுபோய், மழைக்காலம் தொடங்கும்போது நானும் அமலோற்பவமும்தான் மிஞ்சினோம். அமலி வலை பின்னுகிற வீட்டுப் பெண். பத்தாவது வரை படித்தவள். நாக்கு நுனியை உதட்டோரம் கடித்துக்கொண்டு வரைவாள். நான் இடக்கைக்காரி. ஆகவே இடது பாதி எனக்கு, வலது பாதி அவளுக்கு. ஒரே போர்டின் முன்னால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, அடிபீடத்தில் ஒன்றாகத் தொடங்கி, அவள் மூச்சை அடக்கும் இடத்தில் நானும் அடக்கி, இரண்டு பென்சிலும் ஒரே வேகத்தில் மேலே ஏறும்.

"மெதுவா ஏறுடி செங்கமலம், உத்தரம் எங்கயும் ஓடிப்போயிடாது" என்பாள்.

"நீதான் அடியிலயே உக்காந்துட்ட. அடிபீடத்துக்குக் கழுத்த நீட்டிட்டியா?" என்பேன்.

கோட்டை வைத்து எது யார் கை என்று சொல்ல முடியாது. நிழலுக்குப் போடும் சாய்கோடுகள் மட்டும் காட்டிக்கொடுக்கும். என்னுடையவை இடமிருந்து வலமாகக் கீழே சரியும், அவளுடையவை வலமிருந்து இடமாக. நடுக்கோட்டில் இரண்டும் சேரும் இடம் மீன்முள்ளைப் போல இருக்கும்.

ஐப்பசியில் டிராயிங் ஷீட்டுகள் ஈரம் குடித்து ஊதிப்போனதால், வகுப்பறைச் சுவரிலேயே, உத்தரத்துக்கு நாலு விரல் கீழே வரை, முழு அளவில் ஒரு தட்டுத்தலைத் தூணை வரைந்தோம். மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் அடைமழையில், புயலிலேயே வெடித்திருந்த அந்த உத்தரம் முறிந்து இறங்கியது. நாலு விரல் இறங்கி, நாங்கள் வரைந்த தூணின் தலையில் வந்து உட்கார்ந்து, நின்றது. காவலாளி சவரியப்பன் வந்து அண்ணாந்து பார்த்தார். "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு, ஒழுகுகிற இடத்துக்கு வாளியை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மீன் சந்தைத் தெரு ஹாஜரா அக்கா வந்தாள். "ஏம்மா, அது எங்க வீட்டுலயும் நிக்குமா?"

"தெரியலக்கா" என்றோம்.

"தெரியாட்டி என்ன, வந்து கீறிப் பாருங்க. நிக்காட்டியும் அது விழப்போற உத்தரம்தானே."

நின்றது. அதற்குப் பிறகு பரங்கித்துறை அதைப் பற்றி ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை, புயலில் சுவர் இளகிப்போன வீடு முப்பது இருந்தது, ஆச்சரியப்பட நேரமும் இல்லை. வீடு வீடாகக் கூப்பிட்டார்கள், ஒரு வீட்டில் வறுத்த மீனும் ஒரு வீட்டில் அவித்த கிழங்கும் தந்தார்கள், நாங்கள் வரைந்து முடித்ததும் அதுவரை முட்டுக் கொடுத்திருந்த பனங்கட்டைகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார்கள். சுருள் தலைக்கு ஆட்டுக்கொம்பு என்றும் இலைத் தலைக்குக் கீரைக்கட்டு என்றும் பெயர் வைத்தார்கள். எதிர் வீட்டில் கீரைக்கட்டு இருக்கும்போது தன் வீட்டில் எப்படி மொட்டைத் தூண் நிற்கலாம் என்று ஏலக்கடை மரியதாஸ் மனைவி இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து ஆட்டுக்கொம்பு வீடுதான், பரவாயில்லை என்றார்கள். பங்குச் சாமியார் யோசித்துவிட்டு இதில் பாவம் ஒன்றும் இல்லை என்றார், பள்ளிவாசலில் உருவம் இல்லாதவரை சரிதான் என்றார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி தன் வீட்டுக்கு எப்போது முறை வரும் என்று மட்டும் கேட்டார். பிறகு கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடித்தவர்கள் தூணைச் சுற்றி ஒரு சாண் விட்டு அடித்தார்கள், அதனால் எல்லா வீட்டிலும் வெள்ளைச் சுவர் நடுவே ஒரு பழுப்புப் பட்டை நின்றது. ஆடுகள் கீரைக்கட்டுக்குக் கீழே நின்று வெகுநேரம் மேலே பார்த்தன. கோடு அழியும் என்பதற்காகப் பிள்ளைகள் அதன் பக்கம் பந்து விளையாடக் கூடாது என்பது மட்டும் ஊரில் புதிதாக ஏற்பட்ட சட்டம்.

கார்த்திகைக் கடைசியில் மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு பெரிய அலுவலகத்தின் இன்ஜினியர் எழுதியிருந்தார். நேரில் வந்து தூண்களைப் பார்ப்பார். எந்தக் கை வரைந்ததோ அந்தக் கைக்கு வரைவாளர் வேலை.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. என் அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டாள். அப்பாவின் அக்காதான் எங்களோடு இருந்து என்னை வளர்த்தாள். அவள் மகன் தனகோடிக்குத்தான் என்னைக் கட்டுவது என்று அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. தனகோடி கெட்டவர் இல்லை. சாப்பிடும்போது பேச மாட்டார், மற்ற நேரத்திலும் பேச மாட்டார். இன்ஜினியர் வந்துபோகும் வரை பொறுங்கள், வேலை கிடைத்தால் என்னைப் போக விடுங்கள், கிடைக்காவிட்டால் தையில் தாலி கட்டச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் தலையசைத்தார்.

அமலியிடம் இதைச் சொன்னபோது நாங்கள் சுங்கக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டு கை, ரெண்டு வேலை. அவ்வளவுதானே?" என்றாள்.

"ஒரு வேலைதான் இருக்குன்னு சொன்னா?"

"ரெண்டு பேருமே வேணாம்னு எழுந்து வந்துடுவோம். பாதித் தூண வச்சு அவர் என்ன பண்ணுவார், துணி காயப்போடுவாரா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். தன் கையை எடுத்து என் தலை மேல் வைத்து அழுத்தினாள். சத்தியம் என்று வாயால் சொல்லவில்லை.

மார்கழி பிறந்து இரண்டாம் நாள் எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். எங்கள் பக்கத்தில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் யாரும் வர மாட்டார்கள், அந்த வீட்டு ஆட்களிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், மூன்று தண்ணீர் ஊற்றி முடியும் வரை அந்த வீடு ஊரில் இல்லாத மாதிரி. உள் அறையில், எங்கள் வீட்டுத் தூணுக்குக் கீழே, வாழை இலை மேல் நான் கிடந்தேன். ஏழாம் நாள் ஜன்னி கண்டது. இடக்கை விரல்களை மட்டும் ஓயாமல் அசைத்துக்கொண்டிருந்தேனாம். அத்தை என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். அன்று எங்கள் வீட்டுத் தூணின் இடது பாதி இரண்டு விரல் இறங்கியது, ஓட்டிலிருந்து புழுதி கொட்டியது. அதிலிருந்து மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தபோது தானாக ஏறி நின்றுகொண்டது. அத்தை புழுதியைப் பெருக்கித் தள்ளினாள்.

வேறு வீடுகளிலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வேப்பிலையைத் தாண்டி நான் போயிருக்க முடியாது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள், உடம்பெல்லாம் மஞ்சளும் வேப்பிலை வாடையுமாக, முதல் வேலையாக மீன் சந்தைத் தெருவுக்கு நடந்தேன். ஹாஜரா அக்கா வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, "வா, வா, முகத்துல அவ்வளவா தழும்பு இல்ல" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனாள். தூண் நன்றாக நின்றது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. நான் தூணைப் பார்த்தபடியே நின்றேன்.

இடது பாதியின் நிழல் கோடுகள் வலமிருந்து இடமாகச் சரிந்திருந்தன. நடுக்கோட்டில் மீன்முள் இல்லை. தூண் முழுவதும் எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே காற்றில் படுத்த நெற்பயிர் போல இருந்தது.

"இது யாருக்கா வரைஞ்சது?"

"அமலிதான். உன் பக்கம் இறங்கிடுச்சும்மா. தொட்டிலுக்கு மேலயே மண்ணு கொட்டுச்சு. எல்லாருமா போய் அவளக் கூப்பிட்டோம். கையில கிடைச்சத முட்டுக் கொடுத்துட்டு, அவ சொன்னபடி அன்னைக்கே எல்லா வீட்டுலயும் உன் பக்கத்த ரொட்டித் துண்டால தேச்சு எடுத்தோம், பிறகு ஒவ்வொரு வீடா அவளே போட்டா. பாவம், பன்னெண்டு நாளு பகல்ல உக்காரவே இல்ல. நாங்கதான் ஏணியப் பிடிச்சோம்."

"எல்லா வீட்டுலயுமா?"

"உங்க வீடு தவிர. அங்க எப்படி வர்றது?"

"எனக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமேக்கா. சன்னல் வழியா சொல்லியிருக்கலாம்."

ஹாஜரா அக்கா கையிலிருந்த செதிலைப் பாவாடையில் துடைத்தாள். "சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான். அதுவும் இல்லாம, தப்பா நினைக்காத, ஒரே கையா இருக்கறது ஒரு விதத்துல நல்லதுதானே? நாளைக்கு உங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு மனஸ்தாபம்னா, இறங்குறது என் வீடு."

அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்ஜினியர் வந்தாரா?"

"அவரு வந்துட்டுப் போயி மூணு நாளாச்சே. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாரு. எல்லாம் ஒரே கைதான், சந்தேகம் இல்லன்னாரு. அமலிக்கு ஆர்டர் கையிலயே கொடுத்துட்டாரு." அவள் தொட்டிலை ஒரு தடவை ஆட்டிவிட்டாள். "உங்க அப்பாவும்தான் கூட்டத்துக்குத் தள்ளி நின்னாரு. அவரே வாயத் திறக்கல. நாங்க என்னத்தச் சொல்றது?"

அமலி வீட்டில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தவில்லை, இன்னும் நேராக மடிக்க ஆரம்பித்தாள்.

"உக்காருடி. நிக்காத, தலை சுத்தும்."

"என் பாதி எங்கடி?"

"இறங்கிடுச்சு. நான் என்ன பண்றது? முப்பது வீடு."

"அது மேலயே வரைஞ்சிருக்கலாம். அழிச்சிட்டு வரைஞ்சிருக்க."

"மேல போட்டா கோடு தடிச்சுப் போகுது, அளவு மாறுது. உனக்குத் தெரியாததா?"

"எங்க வீட்டுல நான் படுத்த இடத்துல நின்னது, காய்ச்சல் விட்டதும் தானா ஏறிடுச்சு. மூணு நாள் பொறுத்திருந்தா எல்லாமே ஏறியிருக்கும்."

அவள் கை நின்றது. "அது எனக்குத் தெரியாது செங்கமலம். மாதா மேல ஆணையா தெரியாது."

அதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

"சரி. இன்ஜினியர் கேட்டப்ப என்ன சொன்ன?"

"அவர் கேக்கல."

"அவர் கேக்கல, நீ சொல்லல."

"ஒரு வேலதான் இருந்துச்சு. இன்னொருத்தி இருக்கான்னு சொன்னா ரெண்டு பேருக்கும் இல்லாம போயிருக்கும்."

"அப்படித்தானே பேசி வச்சோம்."

அவள் மடித்த புடவையைப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், வேறு பக்கமாக வைத்தாள். வெளியே அவள் அம்மா யாரிடமோ நாளைக்குக் காலை எட்டு மணி பஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாக்கு நுனியை உதட்டோரம் கடித்தபடி அமலி பெட்டியை மூடிப் பூட்டினாள். சாவி ஒரு தடவையில் திரும்பவில்லை. நான் குனிந்து மூடியை அழுத்திக்கொடுத்தேன், பூட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ரொட்டிக் கடையில் ஒரு ரொட்டி வாங்கினேன். அப்பா உள் அறையில் உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அங்க நின்னீங்களாப்பா?"

அவர் பஞ்சாங்கத்தை மூடவில்லை. "நீ பொழச்சதே பெரிசு. அந்த நேரத்துல வேலையாவது ஒண்ணாவது" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு வீட்டுல சம்பாதிக்க ஆள் இல்ல. உனக்கு அப்படியா?" என்றார்.

அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஏறி, ரொட்டியின் வெள்ளையைப் பிய்த்து உருட்டி, எங்கள் வீட்டுத் தூணின் வலது பாதியைத் தேய்க்க ஆரம்பித்தேன். ஊரிலேயே மீன்முள் மிச்சம் இருந்த ஒரே தூண் அது. தலையிலிருந்து தொடங்கி, தண்டு வழியாக அடிபீடம் வரை, அமலியின் கோடு ஒன்று விடாமல் தேய்த்தேன். கறுத்துப்போன ரொட்டித் துணுக்குகள் அப்பாவின் தோள் மேல் விழுந்தன. அவர் தட்டிவிடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. உத்தரம் மெல்ல முனகியது. அது முனகிக்கொண்டிருக்கும்போதே வலது பாதியை என் இடக்கையால் வரைய ஆரம்பித்தேன். அவளால் என் பாதியை வரைய முடிந்தால் என்னால் அவள் பாதியை வரைய முடியாதா என்ன. வெளிச்சம் இருக்கும் வரை வரைந்தேன், மறுநாளும் வரைந்தேன். எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டியபோது நான் தண்டின் மூன்றில் ஒரு பங்கில் இருந்தேன். சாயங்காலம் முடித்தேன். அடிவிட்டத்தை நூலால் எடுத்து மேலும் கீழும் பத்துத் தடவை அளந்து பார்த்தேன். மயிரிழை தப்பு இல்லை.

நிற்கவில்லை. உத்தரம் முதலில் நாலு விரல் இறங்கியது, பிறகு ஒரு சாண். அத்தை ஒன்றும் கேட்காமல் பானைகளை எடுத்து முற்றத்தில் வைத்தாள். அப்பா பக்கத்துத் தெருவில் இன்னும் எரியாமல் மிச்சம் இருந்த ஒரு பனங்கட்டையை இரண்டு ஆளை வைத்துத் தூக்கி வந்து, தூண் இருந்த இடத்துக்கு முன்னால் முட்டுக் கொடுத்தார். ஊரில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் போட்டது நிற்கிறது, இவள் போட்டது நிற்கவில்லை என்பதை ஒருவரும் என் காதுபடச் சொல்லவில்லை. நான் தெருவில் வரும்போது பேச்சை வேறு பக்கம் மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தை பன்னிரண்டில் தனகோடிக்கும் எனக்கும் கல்யாணம் நடந்தது. சாப்பிட வந்தவர்கள் மண்டபத்தின் கூரையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அமலி போட்ட தூண்கள் பதினைந்து, இருபது வருடம் நின்றன. அவை எதுவும் விழவில்லை. ஒவ்வொரு வீடாகக் கான்கிரீட் தளம் போட்டபோது இடித்த சுவரோடு போய்விட்டன. அவள் எனக்கு இரண்டு கடிதம் போட்டாள். பிரித்தேன், படித்தேன், பதில் போடவில்லை.

அந்த அலுவலகத்தில் அவளைச் சாக்கடைப் பிரிவில் வைத்தார்கள். முப்பத்து நான்கு வருடம் ஊர் ஊராக மழைநீர்க் கால்வாய்களுக்கும் கழிவுநீர்க் குழாய்களுக்கும் படம் போட்டுவிட்டு, ஒரு தூண் கூட வரையாமல், அமலோற்பவம் ஓய்வு பெற்றாள்.